பல்லி ஆணா, பெண்ணா?

இன்றிரவு ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். அறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னலின் கண்ணாடிக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சத்தை நாடிப் பூச்சிகள் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வந்து மொய்க்கும். சற்று நேரத்தில் பூச்சிகளைத் தேடிப் பல்லியும் வந்துவிடும். சுவரில் ஊரும் பல்லியின் முதுகைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம். இப்போதோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் உங்களுக்கு அதன் வயிறு தெரிகிறது. பல்லியைத் தொடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அது தன் வேலையைப் பார்க்கட்டும். நாம் நம் வேலையைப் பார்ப்போம்.

பின்னங்கால்களின் தொடைப் பகுதியை உற்று நோக்குங்கள். சில பல்லிகளில் ஒரு தொடையின் உட்புறத்தில் தொடங்கி, வாலடிக்கு முன்னால் வளைந்து, மறு தொடை வரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடுவதைக் காண்பீர்கள். ஊசியால் வரிசையாகக் குத்தி வைத்தாற்போல் இருக்கும். வேறு சில பல்லிகளில் இந்தக் கோடே இராது. கோடு உள்ளது ஆண். வளர்ந்த பல்லியாக இருந்தும் கோடு இல்லையென்றால் அது பெண்.

இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். ஆண் எது, பெண் எது என்பது எளிய கேள்விதான். ஆனால் அது ஏன் ஆணாயிற்று, ஏன் பெண்ணாயிற்று என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், பல்லி நம்மை நெடுந்தூரம் அழைத்துச் செல்லும்.

வளர்ப்புப் பல்லியின் கதை

நம் வீடுகளில் பல்லியை யாரும் வளர்ப்பதில்லை. அதுவாகவே வந்து குடியிருக்கிறது. ஆனால் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் நாய், பூனை வளர்ப்பதுபோல் பல்லி வளர்ப்போர் பலர் உண்டு. அவர்கள் மிகுதியாக வளர்ப்பது சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் நிறைந்திருப்பதால் இந்தப் பெயர் வந்தது. 'யூபிளெபாரிஸ் மாகுலாரியஸ்' என்பது இதன் விஞ்ஞானப் பெயர். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட, கற்பாங்கான நிலங்களே இதன் தாயகம்.

நம் வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் சில வேறுபாடுகள் உண்டு. வீட்டுப் பல்லிக்கு அசையும் கண்ணிமை கிடையாது. சிறுத்தைப் பல்லி நம்மைப் போலவே இமையை மூடித் திறக்கும். வீட்டுப் பல்லியின் விரல்களில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் உண்டு; சிறுத்தைப் பல்லிக்கு அவை இல்லை. ஆகவே அதனால் கண்ணாடியில் ஏற முடியாது. அதன் தடித்த வால் ஒரு சேமிப்புக் கிடங்கு. உணவு கிடைக்காத நாட்களுக்கான கொழுப்பு அதில்தான் இருக்கிறது.

இதை வளர்ப்பவர் ஆண், பெண் அறியாமல் இருந்தால் என்ன நேரும்? இரண்டு குட்டிகளை ஒரே கூண்டில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குட்டிப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாதங்கள் செல்கின்றன. இரண்டும் ஆண்களாக வளர்ந்துவிட்டால் போர் மூளும். ஓர் ஆணின் எல்லைக்குள் மற்றோர் ஆணுக்கு இடமில்லை. காட்டில் என்றால் தோற்றது ஓடிப் பிழைக்கும். கூண்டில் எங்கே ஓடுவது? கடிபட்டுக் காயமடையும், வாலை இழக்கும். வாலோடு அதன் சேமிப்பும் போய்விடும். சில வேளைகளில் உயிரே போய்விடுவதும் உண்டு. ஒன்று ஆண், மற்றொன்று பெண் என்றாலோ, எதிர்பாராமல் முட்டைகள் வந்து சேரும். ஓயாமல் முட்டையிடும் இளம்பெண் பல்லியின் உடல் சுண்ணாம்புச் சத்தை இழந்து நலியும். நன்கு பராமரித்தால் சிறுத்தைப் பல்லி 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. எனவே பல்லிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

எதை நம்பக் கூடாது?

ஆண் பெரியது, பெண் சிறியது என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் நன்றாகத் தின்ற பெண், மெலிந்த ஆணைவிடப் பெரியதாக இருக்கும். தலை அகன்றிருந்தால் ஆண் என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அந்த வேறுபாடு தெரியும். தனியாக இருக்கும் ஒன்றை எதனோடு ஒப்பிடுவது? நிறத்தைக் கொண்டு சொல்லலாமா? சிறுத்தைப் பல்லியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நிறந்தான்.

குரலைக் கொண்டு சொல்லலாமா? நம் வீட்டுப் பல்லி 'சக், சக், சக்' என்று அடுக்கடுக்காக ஒலி எழுப்புகிறது அல்லவா? பல்லி எந்தத் திசையில் சொன்னது, அதற்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தொடர் ஒலியை மிகுதியாக எழுப்புவது வளர்ந்த ஆண் பல்லிகளே. 'இது என் சுவர்' என்று மற்ற ஆண்களுக்கு அது அறிவிக்கிறது. ஆனாலும் ஒலியை மட்டும் கேட்டு, இது ஆணேதான் என்று உறுதி கூறிவிட முடியாது.

நம்பத்தக்க இரண்டு அடையாளங்கள்

முதல் அடையாளம் நீங்கள் கண்ணாடியில் பார்த்த புள்ளிக் கோடு. அந்தப் புள்ளிகள் உண்மையில் நுண்ணிய துளைகள். ஒவ்வொரு துளைக்கும் உள்ளே ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து மெழுகு போன்ற பொருள் வெளிப்படுகிறது. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒரு வீட்டுப் பல்லி இனத்தின் ஆணுக்கு இரு தொடைகளிலும் சேர்த்து ஏறத்தாழ முப்பது துளைகள் இருக்கும். வேறு இனங்களில் எண்ணிக்கை மாறும். கோட்டின் நடுவில் இடைவெளியும் இருக்கலாம். சிறுத்தைப் பல்லியின் ஆணுக்கு இந்தத் துளைகள் தொடை முழுவதும் பரவியிருப்பதில்லை. கழிவுத் துளைக்குச் சற்று முன்னால், கூரை வளைவுபோல் ஒரு கோண வடிவில் அமைந்திருக்கும். பெண்ணுக்கும் அதே இடத்தில் மங்கலான குழிகள் தெரியும். ஆனால் அவற்றில் மெழுகு இராது.

இரண்டாவது அடையாளம் வாலின் தொடக்கத்தில் இருக்கிறது. பல்லி, பாம்பு ஆகியவற்றின் ஆண்களுக்கு இனப்பெருக்க உறுப்பு ஒன்றல்ல, இரண்டு. வேண்டாதபோது அவை வாலின் அடிப்பகுதியில் உட்புறமாக மடிந்து கிடக்கும். அதனால் கழிவுத் துளைக்குப் பின்னால் இரண்டு சிறு புடைப்புகள் அருகருகே தெரியும். பெண்ணுக்கு அந்த இடம் சமதளமாக இருக்கும்.

வளர்ப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பெட்டியில் பல்லியை விட்டு, பெட்டியை மெதுவாக உயர்த்திக் கீழிருந்து பார்க்கிறார்கள். ஜன்னலில் நீங்கள் செய்ததும் இதே முறைதான்! பல்லியைப் புரட்டிப் பிடிப்பதும், வாலடியை அழுத்திப் பார்ப்பதும் தவறு. வாலைப் பிடிப்பது பெருந்தவறு. வால் கையோடு வந்துவிடும்.

வயதும் முக்கியம். முட்டையிலிருந்து வந்த புதிதில் எந்த அடையாளமும் வெளிப்படையாகத் தெரியாது. தேர்ந்தவர்கள் கைலென்ஸ் கொண்டு இளங்குட்டியிலும் துளைகளைத் தேடுவார்கள். மற்றவர்கள் நான்கு, ஐந்து மாதங்களாவது பொறுத்திருக்க வேண்டும். 'இது பெண்தான்' என்று சொல்லி விற்கப்படும் குட்டிகள் பின்னால் ஆணாக 'மாறிவிடுவது' இதனால்தான். பல்லி மாறவில்லை; பார்த்தவர் அவசரப்பட்டுவிட்டார்.

பெண்ணுக்கென்று தனி அடையாளங்களும் உண்டு. வீட்டுப் பல்லியின் வயிற்றுத் தோல் மிக மெல்லியது. முட்டை முற்றிய பெண்ணின் வயிற்றில் இரண்டு வெண்ணிற உருண்டைகள் தெளிவாகத் தெரியும். சில பெண் பல்லிகளின் கழுத்தின் இருபுறமும் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெண்மையாகப் புடைத்திருப்பதையும் காணலாம். அது நோயன்று. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அங்கே சேமித்து வைத்திருக்கிறது! சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலும் மின்சாரப் பெட்டியின் இடுக்கிலும் நீங்கள் காணும் கெட்டியான வெள்ளை முட்டைகளின் ஓடு அந்தச் சேமிப்பிலிருந்து உருவானதே.

பல்லிக்கு எப்படித் தெரியும்?

நாம் லென்ஸ் வைத்துப் பார்க்கிறோம். பல்லி ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கிறது? சிறுத்தைப் பல்லி எதிரே வருவதை நாக்கால் நக்கிப் பார்க்கிறது. ஆணின் தோலில் ஒரு வகை வேதிப்பொருள்களும் பெண்ணின் தோலில் வேறு வகையும் உள்ளன. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் வேடிக்கையான ஒரு செய்தி இருந்தது. ஓர் ஆண் விருப்பத்தோடு நெருங்கிய அதே பெண்ணை, அது தோலுரித்துக்கொண்டிருந்த வேளையில் மற்றோர் ஆணைத் தாக்குவதுபோல் தாக்கியது. தோலுரிந்து முடிந்ததும் மீண்டும் அன்போடு நெருங்கியது! தோலின் மணம் மறைந்திருந்தபோது அது ஏமாந்துபோயிற்று. நாம் கண்ணால் தேடும் அடையாளத்தைப் பல்லி மணத்தால் தேடுகிறது.

கிண்ணத்தில் கிடந்த புழு

இனி அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு குட்டி ஆணாவதும் பெண்ணாவதும் எதனால்?

சிறுத்தைப் பல்லிக்கு வளர்ப்பவர்கள் கொடுக்கும் உணவு மாவுப்புழு. அது ஒருவகை வண்டின் இளம்பருவம். மாவிலும் தானியத்திலும் வளரும். 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்மார் கல்லூரியைச் சேர்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி இந்தப் பூச்சியின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெண்ணின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆணிடமோ 19 பெரியவையும், மிகச் சிறியதாக ஒன்றும் இருந்தன. அந்தச் சிறிய ஒன்றைச் சுமந்த விந்தணு முட்டையைச் சேர்ந்தால் ஆண். மற்ற விந்தணு சேர்ந்தால் பெண் என்று அவர் கண்டார். அந்தச் சிறியதைத்தான் இன்று ஒய் குரோமோசோம் என்கிறோம். மனிதரிலும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருப்பதை உங்கள் உயிரியல் பாடத்தில் படிக்கிறீர்கள்.

ஆனால் அந்தப் புழுவைத் தின்னும் சிறுத்தைப் பல்லியின் உயிரணுவில் அப்படிப்பட்ட பால் குரோமோசோம்கள் இல்லை! கருவுறும்போது அது ஆண் என்றோ பெண் என்றோ முடிவாவதில்லை. பிறகு எப்போது, எதனால் முடிவாகிறது?

வெப்பம் எழுதும் விதி

விடையின் முதல் நுனி ஆப்பிரிக்காவில் கிடைத்தது. செனகல் நாட்டின் தாக்கர் நகரில் பணியாற்றிய மதலேன் ஷார்னியே என்ற பெண் விஞ்ஞானி, 1966-இல் ஓர் ஓணான் இனத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். முட்டைகளை அடைவைத்த வெப்பநிலைக்கு ஏற்ப, பிறந்த குட்டிகளில் ஆண், பெண் விகிதம் மாறியிருந்தது. முதலில் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. பின்னர் ஆமை, முதலை, பல்லி என்று பல ஊர்வனவற்றில் இதே உண்மை வெளிப்பட்டது.

சிறுத்தைப் பல்லி ஓர் ஈட்டில் வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். அவற்றின் மேல்தோல் வீட்டுப் பல்லி முட்டைபோல் கெட்டியாக இராது. தோல்போல் மென்மையாக இருக்கும். ஈரமண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டுத் தாய் போய்விடும். மண்ணின் வெப்பமே அடைகாக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இம்முட்டைகளை மாறாத வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு இது:

26 டிகிரி செல்சியஸ்: ஏறக்குறைய எல்லாமே பெண்.
30 டிகிரி: பெண்ணே மிகுதி; ஆணும் சில.
32.5 டிகிரி: நான்கில் மூன்று பங்கு ஆண்.
34 முதல் 35 டிகிரி வரை: மீண்டும் ஏறக்குறைய எல்லாமே பெண்!

இந்த அட்டவணையை மறுபடியும் ஒரு முறை படியுங்கள். வெப்பம் கூடக்கூட ஆண் பெருகிக்கொண்டே போகவில்லை. குளிர்ந்தாலும் பெண், மிகவும் சூடானாலும் பெண், இடையில் ஒரு குறுகிய பட்டையில்தான் ஆண் மிகுதி. அந்தப் பட்டைக்கும் அதைத் தாண்டிய சூட்டுக்கும் இடைவெளி இரண்டு டிகிரிதான்.

வெப்பம் எப்படி இதைச் செய்கிறது? கருவுக்குள் 'அரோமட்டேஸ்' என்ற நொதி உண்டு. ஆண்மைக்குரிய ஹார்மோனைப் பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. ஊர்வனவற்றின் கருவில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் இனப்பெருக்கச் சுரப்பி சூலகமாக வளர்கிறது. குறைந்தால் விந்தகமாக வளர்கிறது. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆண் மிகுதியாகப் பிறக்கும் வெப்பநிலையில் வைத்த சிறுத்தைப் பல்லி முட்டையின் மேல் ஈஸ்ட்ரோஜனைத் தடவினால் பெண் குட்டி பிறந்தது! அடைகாக்கும் காலத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் இந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் வெப்பம் மாறினாலும் முடிவு மாறுவதில்லை.

வெப்பத்தின் தடம் இதோடு நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பெண் பல்லிகளையே தங்களுக்குள் ஒப்பிட்டார்கள். 26 டிகிரியில் பிறந்த பெண்ணைவிட, ஆண் மிகுதியாகப் பிறக்கும் வெப்பநிலையில் பிறந்த பெண் சண்டைக் குணம் மிக்கதாக இருந்தது. இரண்டும் பெண்தான், முட்டையில் பட்ட வெப்பந்தான் வேறு.

எல்லாப் பல்லிக்கும் ஒரே வழியா?

இல்லை. சில பல்லி இனங்களில் நம்மைப் போல் ஆணிடம் எக்ஸ், ஒய் என இருவகைக் குரோமோசோம்கள் உண்டு. வேறு சிலவற்றில் கோழியைப் போல் பெண்ணிடம் இருவகை உண்டு. அவற்றை இசட், டபிள்யூ என்பார்கள். இன்னும் சிலவற்றில் வெப்பமே நீதிபதி. பசிபிக் தீவுகளில் பரவியுள்ள 'துயரப் பல்லி' என்ற இனமோ இன்னும் விந்தையானது. அங்கே ஏறக்குறைய எல்லாமே பெண். ஆணின் துணையின்றியே முட்டையிட்டுத் தாயைப் போன்ற பெண் குட்டிகளைப் பெறுகின்றன. அந்தப் பல்லியை வளர்ப்பவர் ஆணா, பெண்ணா என்று தேட வேண்டிய வேலையே இல்லை!

நம் கரையில் நடப்பது

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1976-இல் தொடங்கப்பட்டது அது. அதன் விஞ்ஞானிகள் பங்குகொண்ட ஆய்வு ஒன்று 1989-இல் வெளியாயிற்று. நம் நாட்டுச் சதுப்புநில முதலையின் முட்டைகள் 28 முதல் 31 டிகிரி வரையில் பெண்களையே தந்தன. 32.5 டிகிரியில் ஆண்களைத் தந்தன. சிறுத்தைப் பல்லிக்கு ஆண் மிகுதியாகப் பிறக்கும் அதே 32.5!

சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் மணலின் வெப்பமே ஆண், பெண்ணைத் தீர்மானிக்கிறது. ஆமையில் கணக்கு எளிது: மணல் சூடானால் பெண் மிகும், குளிர்ந்தால் ஆண் மிகும். உலகம் வெப்பமடைந்து வரும் இந்நாளில் இது கவலை தரும் செய்தி. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில், வடபுறத்து வெப்பமான கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளை ஆராய்ந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பெண்ணாக இருந்ததென 2018-இல் அறிவித்தார்கள். ஆமை நீண்ட ஆயுள் கொண்டது. முன்பு பிறந்த ஆண்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்?

வளர்ப்பவரின் பெட்டியில் வெப்பத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு திருகு இருக்கிறது. திறந்த மண்ணில் புதைந்த முட்டைக்கு அந்தத் திருகு இல்லை. அதற்கு இருப்பதெல்லாம் ஒரு மரத்தின் நிழலும், சற்று ஆழமான ஈரமண்ணும், தாய் தேர்ந்தெடுத்த இடமுந்தான். நிழல் தரும் மரத்தை வெட்டும்போது மண்ணுக்குள் என்ன மாறுகிறது என்று இனி உங்களால் சொல்ல முடியும்.

உங்கள் நோட்டுப் புத்தகம்

இனி உங்கள் முறை. ஒரு நோட்டை எடுத்து ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேதி, நேரம், எந்த ஜன்னல், புள்ளிக் கோடு உண்டா இல்லையா, வயிற்றில் முட்டை தெரிந்ததா. வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அதன் கண்ணில் அடிக்க வேண்டாம். சிறிய பல்லியாக இருந்தால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு நல்ல விடைதான். காட்டிலோ தோட்டத்திலோ உள்ள எந்தப் பல்லியையும் பிடித்து அடைத்து வைக்காதீர்கள்.

ஒரு மாதம் இப்படிக் குறித்து வந்தால், உங்கள் வீட்டுச் சுவரை ஆள்கிற ஆண் எது, அதன் எல்லை எதுவரை, எத்தனை பெண்கள் அங்கே வந்து போகின்றன என்பதெல்லாம் மெல்ல மெல்லப் புலப்படும். நாளை மாலை பல்லி 'சக், சக்' என்று சொல்லும்போது, வீட்டில் யாராவது பஞ்சாங்கத்தை எடுத்தால் நீங்கள் உங்கள் நோட்டை எடுங்கள். சொன்னது யார் என்று அதில் இருக்கும்.